பதினான்காம் எண் தலைவலி

என் வேலை நோயாளியாக இருப்பது. எனக்கு நோய் எதுவும் கிடையாது, வேலைதான் அது. மருத்துவக் கல்லூரியின் மூன்றாவது மாடியில் திரைபோட்டுத் தடுத்த பத்து அறைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் போய் உட்கார்ந்து, அன்றைக்குக் கொடுத்த வியாதியை முகத்தில் ஏற்றிக்கொண்டு, வருகிற மாணவர்களிடம் "முடியலையே டாக்டர்" என்று முனக வேண்டும். நிஜ நோயாளிகளைக் கெடுப்பதற்கு முன்னால் பிள்ளைகள் எங்களைக் கெடுத்துப் பழகட்டும் என்று ஏற்பாடு. எட்டு வருஷமாகக் கெட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கூட்டத்தில் யாரையும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மாரடைப்பு. மூச்சைப் பிடித்து நெற்றியில் வியர்வையே வரவழைத்துவிடுவார். தையற்கடைக்காரம்மா சர்க்கரை. நான் தலைவலி. "என்ன மாரடைப்பு, டீ ஆச்சா?" என்பேன். "எங்க, சர்க்கரை வரட்டும்னு காத்திருக்கேன்" என்பார். புதிதாகச் சேர்ந்த துப்புரவுக்காரி இதைக் கேட்டு முதல் நாள் மிரண்டுபோய்த் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. துறைத் தலைவியை எல்லாரும் மேடம் என்போம். நான் சேர்ந்த அன்றே அவர் சொன்னார்: "கேட்டாத்தான் சொல்லணும். கேக்காததை நீங்களா சொல்லிட்டீங்கன்னா, அந்தப் பிள்ளை கடைசி வரைக்கும் கேக்கவே கத்துக்காது." ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு தாள் தருவார்கள். மேல்பாதி நாமாகச் சொல்ல வேண்டியது. கீழ்ப்பாதிக்குத் தலைப்பு, 'கேட்டால் மட்டும்'. அதற்கும் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: 'வேறு ஏதாவது இருக்கா என்று மொத்தமாகக் கேட்டால், இல்லை என்று சொல்லவும்.' குத்துமதிப்பாகக் கேட்டு யாரும் மார்க் வாங்கிவிடக் கூடாதாம்.

என் தாள் பதினான்காம் எண். மேல்பாதியில் ஒரு வாரமாக இடது பக்கம் தலைவலி. கீழ்ப்பாதியில் மூன்று விஷயங்கள். மெல்லும்போது தாடை கடுக்கும். தலை சீவினால் நெற்றிப்பொட்டு வலிக்கும். இரண்டு தடவை இடது கண் சில விநாடி மங்கிவிட்டுத் திரும்பியது. இந்த மூன்றையும் கேட்டு வாங்குகிற பிள்ளைக்கு, பொட்டில் ஓடுகிற ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது என்று புரிய வேண்டும். அன்றைக்கே மருந்து தொடங்காவிட்டால் கண் போய்விடும். கேட்காத பிள்ளை தலைவலி மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும். எனக்கு இதெல்லாம் மனப்பாடம். என் வீட்டுக்காரரின் இடது கண் எப்படிப் போயிற்று என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு இதைத் தெரிந்துகொண்டால் போதும்.

மாணவர்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனசு வரவில்லை. கதவைத் தட்டுவார்கள், அதற்கு ஒரு மார்க். கிருமிநாசினிப் புட்டியை அமுக்கிக் கையைத் தேய்த்துக்கொள்வார்கள், அதற்கு ஒரு மார்க். பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்பார்கள். அதற்கும் ஒரு மார்க் இருக்கிறது. அந்த ஒரு மார்க்குக்காக அந்தப் பிள்ளைகள் படுகிற பாடு இருக்கிறதே! ஒருத்தி என் வயசைக் கேட்டாள். ஐம்பத்தெட்டு என்றேன். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்றாள். இருபத்திரண்டு வயசுக்காரிக்கு அது கஷ்டம்தான் போலிருக்கிறது. இன்னொரு பையன் பதற்றத்தில் என் கைக்குப் பதிலாக நாற்காலியின் கையைத் தட்டிக்கொடுத்து ஆறுதல் சொன்னான்.

எட்டு நிமிஷத்தில் மணி அடிக்கும். மூலையில் உட்கார்ந்திருக்கிற பரிசோதகர் தன் தாளில் டிக் போட்டு முடித்ததும், கடைசி வரியை நிரப்ப என்னிடம் நீட்டுவார். அது நோயாளியின் மார்க். 'இவரிடம் மறுபடியும் வருவீர்களா?' பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை போடலாம். பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தைந்து வருஷம் அடுத்தவர் சொன்னதைத் தட்டச்சு செய்தவள் நான். ஒரு டாக்டருக்குப் பூஜ்யம் போடுகிற அதிகாரம் கையில் வந்தால் விடுவேனா? அந்தப் பேனாவைப் பிடிக்கிறபோது எனக்கு உள்ளங்கால் வரைக்கும் குளிரும்.

அப்படிப் பூஜ்யம் வாங்கியவர்களில் ஒருவன்தான் 'புரியுது'. அவன் வைத்துக்கொண்ட பேர் இல்லை, நாங்கள் வைத்தது. எட்டு நிமிஷத்தில் நாலு தடவை என் கஷ்டம் அவனுக்குப் புரிந்தது. தாடையைக் கேட்கவில்லை, சீப்பைக் கேட்கவில்லை, கண்ணைக் கேட்கவில்லை. மணி அடித்ததும் பல்லைக் காட்டிக்கொண்டு போனான். அதோடு போயிருந்தால் எனக்கும் மறந்திருக்கும். வெளியே தாழ்வாரத்தில் மேடத்திடம், "அந்தம்மா முகத்தைப் பார்த்தாலே கேள்வியெல்லாம் மறந்துபோகுது மேடம்" என்றான். திரைக்குப் பின்னால் நான் நிற்பது தெரியாமல் மேடமும் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற மாரடைப்பும் சிரித்தார், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த மாதம் வேறு ஒரு வியாதியில் மறுதேர்வு எழுதிப் 'புரியுது' தேறிவிட்டான். தலைவலியில் எதைக் கேட்காமல் விட்டான் என்று அவனுக்குக் கடைசி வரை யாரும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது; கேள்வித்தாள் மாதிரி அதுவும் ரகசியம். ஒரு நாள் படிக்கட்டில் மடக்கி, "அம்மா, உங்க கேஸ்ல நான் எதை விட்டேன்?" என்று கெஞ்சினான். "யோசிச்சுப் பாருங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனேன். அன்றைக்கு எனக்கு இரண்டு வேளைச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி இருந்தது.

இனி என் வீட்டுக்காரர். கார் ஓட்டக் கற்றுத்தருவது அவர் தொழில். அறுபத்தெட்டு வயசிலும் காலை ஆறு மணிக்கு யாராவது ஒரு பயந்தாங்கொள்ளியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் பக்கத்தில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். பிள்ளை மிதிக்கிறதா பார்ப்போம் என்று அவர் ஒரு நாளும் காத்திருந்தது கிடையாது. காலால் மிதித்துவிட்டுத்தான் வாயால் திட்டுவார். வீட்டில் அவர் சத்தமே கேட்காது, அத்தனை திட்டையும் தெருவிலேயே செலவழித்துவிட்டு வருவார்.

அந்த மனிதருக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை தலை வலித்தது. நாலு நாளாகவே வலிக்கிறதாம், சொல்லவில்லை. ரொட்டியைப் பாதி தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. மென்னா தாடை கடுக்குது."

எனக்குக் கை நின்றுவிட்டது. "தலை சீவினா வலிக்குதா?" என்றேன்.

"எப்படித் தெரியும்? சீப்பே பட விடல."

"கண்ணு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "காலையில சிக்னல்ல நிக்கறப்போ இடது கண்ணுல திரை போட்ட மாதிரி ஆச்சு. பத்து எண்ணறதுக்குள்ள சரியாயிடுச்சு. நீ பயப்படுவேன்னு சொல்லல."

எனக்குப் பயம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமை. என் தாளை அப்படியே ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து ஒப்பிக்கிறார்! அவருக்குப் பொட்டு ரத்தக்குழாயைப் பற்றி அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். இது கண்ணுக்கு ஆபத்து, நாளைக்குக் காலையில் முதல் ஆளாகப் போக வேண்டும் என்றேன். "நீ இருக்கறதால பயமில்ல. அந்த உலகம் உனக்குத்தான் தெரியும்" என்றார். அதைக் கேட்டு எனக்குத் தலை இன்னும் கொஞ்சம் பெரிதானது.

சனிக்கிழமை கல்லூரி ஆஸ்பத்திரியின் புறநோயாளிப் பிரிவுக்குப் போனோம். சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்தபோது, அறைக் கதவின் இடுக்கு வழியாக உள்ளே இருக்கிற டாக்டரைப் பார்த்தேன். 'புரியுது'. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் புதுசு. எதிரில் இருந்த கிழவரிடம் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தான். எனக்கு உள்ளே ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. "இங்க பாருங்க" என்று வீட்டுக்காரர் காதில் சொன்னேன், "அவன் என்கிட்டப் பரீட்சைல ஃபெயிலான பையன். நீங்களா எதையும் அவுத்து விடாதீங்க. கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க."

"ஏன்?"

"சும்மா பாப்போமே, இப்பவாவது கேக்கறானான்னு. கேக்கலைன்னா நான் இல்லையா, சொல்லிக்கறேன்."

சொல்லிக்கறேன் என்றுதான் சொன்னேன். அதைச் சத்தியமாகவே சொன்னேன்.

உள்ளே போனோம். அவன் நிமிர்ந்து பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டான். "அம்மா, நீங்களா? இன்னிக்கும் பரீட்சையா?" என்று சிரித்தான். வெளியே ஐம்பது பேர் காத்திருக்க, களைத்துப்போன ஒரு பையன் தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் சொன்ன வார்த்தை. இப்போது நிதானமாக நினைத்தால் அப்படித்தான் தெரிகிறது. அன்றைக்கு என் காதில், தாழ்வாரத்தில் கேட்ட சிரிப்புதான் விழுந்தது. நான் முகத்தை இறுக்கிக்கொண்டு, "இவருக்குத் தலைவலி" என்று மட்டும் சொன்னேன்.

எத்தனை நாளாக என்று கேட்டான். எந்தப் பக்கம் என்று கேட்டான். வாந்தி, காய்ச்சல், வெளிச்சம் பார்த்தால் கூசுகிறதா, எல்லாம் கேட்டான். ரத்த அழுத்தம் பார்த்தான். கண்ணாடி மாற்றி எத்தனை வருஷம் என்றான். மூன்று வருஷம் என்றார் வீட்டுக்காரர். கண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுக் கண்ணைக் கேட்காமல் போகிறானே என்று நான் மனசுக்குள் டிக் போட்டுக்கொண்டும் அடித்துக்கொண்டும் நின்றேன். தாடை இல்லை. சீப்பு இல்லை. வீட்டுக்காரர் நல்ல மாணவர் மாதிரி முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

பேனாவைத் திறந்தவன் சற்று நிறுத்தி, "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டான்.

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு நாக்கு நுனியில் இருந்தது, அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. நான் "இல்லை" என்றேன்.

யோசித்துச் சொன்னேனா, பழக்கத்தில் வந்ததா என்று இன்றைக்கு யாராவது கேட்டால் பழக்கம் என்றுதான் சொல்வேன். எட்டு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு ஆயிரம் தடவை அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் சொல்லி முடித்த பிறகு வாயை மூடிக்கொண்டு நின்றது பழக்கம் இல்லை. அவன் மாத்திரை எழுதினான். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது சார், ஒரு வாரம் பாருங்க, குறையலைன்னா வாங்க" என்றான். அதைக் கேட்டதும் எனக்கு ஏற்பட்ட குஷியை என்னவென்று சொல்ல! மனசுக்குள் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டேன். சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பஸ்ஸில் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "சொல்லியிருக்கலாமே?"

"திங்கட்கிழமை மேடம்கிட்டயே நேரா கூட்டிட்டுப் போறேன். இவன் லட்சணம் என்னன்னு அவங்களுக்கும் தெரியட்டும்."

"ரெண்டு நாள் தாங்குமா?"

"அதெல்லாம் தாங்கும்" என்றேன். அன்றைக்கே மருந்து என்று தாளில் இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் தாளில் இருந்த நோய் என்னை ஒன்றும் செய்ததில்லை. மணி அடிக்கும், எழுந்து போய் டீ குடிப்பேன், அடுத்த பிள்ளை கதவைத் தட்டும். எட்டு வருஷத்தில் என் கண் ஒரு தடவைகூடப் போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் படுக்கையில் உட்கார்ந்து, வலது கண்ணைக் கையால் மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். "லைட் போடேன்" என்றார். ஜன்னல் திறந்திருந்தது, அறை முழுக்க வெயில். நான் வெளிச்சம் இருக்கிறது என்று சொல்லவில்லை. எழுந்து போய் ஸ்விட்சைப் போட்டேன். அவர் மறுபடியும் கையை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "சரி, அணைச்சிடு" என்றார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு டாக்டரம்மா இருந்தாள். கதவைத் தட்டவில்லை, தன் பேர் சொல்லவில்லை, எங்கள் கஷ்டம் அவளுக்குப் புரிந்த மாதிரியே தெரியவில்லை. எங்கள் தாளின்படி பார்த்தால் முதல் நிமிஷத்திலேயே மூன்று மார்க் போயிருக்கும். வீட்டுக்காரரின் பொட்டில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே, "மெல்லும்போது தாடை வலிக்குதா? தலை சீவ முடியுதா? இதுக்கு முன்னாடி கண்ணு மங்கிச்சா?" என்று ஒரே மூச்சில் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். ஊசி ஏற்றச் சொல்லிக் கத்தினாள். அதற்குப் பிறகுதான் எங்கள் கையில் இருந்த சனிக்கிழமைச் சீட்டைப் பார்த்தாள். "இதையெல்லாம் நேத்துப் பார்த்த டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?"

நான் அவர் கையைப் பிடித்திருந்தேன். அவர் பிடி இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. "அவர் கேக்கலம்மா" என்றார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சீட்டில் எழுதினாள். போனது போனதுதான், வலது கண்ணையாவது காப்பாற்றப் பார்ப்போம் என்று என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது என் தோளில் கை வைத்தாள். அந்தக் கையைத் தட்டிவிடலாம் போல எனக்கு இருந்தது. அத்தனை வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் வார்டுக்குப் 'புரியுது' வந்தான். கையில் நாலாக மடித்த காகிதம். முகத்தில் ஈயாடவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றான், உட்கார் என்று யாரும் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்தான். தலையைச் சாய்க்கவில்லை. புரியுது என்று சொல்லவில்லை.

"எனக்கு மெமோ வந்திருக்கு" என்றான். "அது பரவாயில்ல. நான் கண்ணைப் பத்திக் கேட்டிருக்கணும். கேக்கல. ராத்திரியெல்லாம் அதே யோசனை." காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தான். "அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் கடைசியா வேற ஏதாவது இருக்கான்னு கேட்டேன். நீங்க இல்லைன்னீங்க. அன்னிக்கு எனக்கு வந்த பரீட்சைக் கேஸும் இதுதானோன்னு இப்பத்தான் தோணுது. இவருக்கு இதுதான்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

அவன் என்னிடம் கேட்ட ஒரே நல்ல கேள்வி அது. சுற்றி வளைக்காமல், குத்துமதிப்பாக இல்லாமல், நேராக இடம் பார்த்துக் கேட்டான். எந்தத் தாளின்படி பார்த்தாலும் நான் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி. பக்கத்துக் கட்டில்காரரும் அவர் மகளும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பையனின் கையில் இருந்த காகிதம் என் கைக்கு வந்துவிடும்.

"எனக்கு எப்படித் தம்பி தெரியும்?" என்றேன். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டேன். கண்ணீர் நிஜமாகவே வந்தது, ஆனாலும் துடைத்த விதம் எனக்குப் பழகிய விதம்தான்.

அவன் தலையை ஆட்டினான். நம்பிவிட்டான். அதுவரை கண்ணை மூடிக் கிடந்த வீட்டுக்காரர், தலையணையில் தலையை உருட்டி, பார்வை மிச்சமிருந்த கண்ணை என் பக்கம் திருப்பினார். ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பையனிடம் பேசினார். குரலில் கோபமே இல்லை, பக்கத்து ஸீட்டில் பயந்து நடுங்குகிற பிள்ளையைத் திட்டி முடித்துச் சமாதானப்படுத்துகிறபோது பேசுகிற குரல் அது.

"அவளைப் போய் ஏன் தம்பி கேக்கறீங்க? அவளுக்கு என்ன தெரியும். நடிக்கறவதானே."